முகம் பார்க்க மறுத்த நாய்

உங்கள் ஊரில் பிணத்தை எரிப்பார்களாமே? மெதுவாகச் சொல்லுங்கள், மிளகுக்காரரே. இந்தத் துறையில் அதைச் சத்தமாகச் சொன்னால் படகுக்காரன் உங்களை ஏற்ற மாட்டான். நெருப்பில் பிணத்தைப் போடுவதா! எங்கள் பாரசீகத்தில் பூசாரி நெருப்புக்கு எதிரே மூச்சு விடுவதற்கே வாயில் துணி கட்டிக்கொள்கிறார். நீங்கள் அதில் மாமனாரைப் படுக்க வைக்கிறீர்கள். சரி, போகட்டும், உட்காருங்கள். அக்கரையில் படகில் கழுதை ஏற்றுகிறார்கள். நான்கு கழுதை. அது முடிந்து படகு இங்கே வருவதற்குள் என் கதையே முடிந்துவிடும்.

நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதும் இல்லை. நெருப்பு சுத்தம், மண் சுத்தம், தண்ணீர் சுத்தம். பிணம்தான் அசுத்தம். மலை உச்சியில் பாறை மேல் கழுகுக்கு வைத்துவிடுவோம். ஆனால் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் செத்தவர் முகத்தை ஒரு நாய் பார்க்க வேண்டும். உயிர் போன உடம்பில் பிணப்பேய் வந்து உட்கார்ந்துகொள்ளும், வடக்கிலிருந்து ஈ உருவத்தில் வரும். நாய் பார்த்தால் அது ஓடிவிடும். தெருவில் திரிகிற நாயெல்லாம் ஆகாது. வெள்ளை நாய், மஞ்சள் காது, அப்படி வேண்டும். வெஹ்ரூத் என்ற எங்கள் ஊரிலும் சுற்றிலும் பதினொரு கிராமத்திலும் அப்படி ஒரே ஒரு நாய்தான் இருந்தது. அதை வைத்திருந்தவன் நான். மிஹ்ரக் என்றால் அந்தப் பக்கம் தெரியாதவர் கிடையாது.

ஸரீன் என்று பெயர் அதற்கு. என்ன நாய் தெரியுமா! ஒரு தடவை ஒரு தோல் வியாபாரி செத்துக் கிடந்தார். ஸரீன் பார்த்தது. ஈ பறந்தது. பறந்த வேகத்தில் வாசலில் நின்ற வரி அதிகாரியின் தொப்பியைத் தட்டிவிட்டது. தோல் வியாபாரி எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டார். ஏன் சிரிக்கிறீர்கள்? மோர் குடித்துவிட்டுத் திரும்பவும் செத்துப்போனார். வரி பாக்கி இருந்தது, பாவம்.

சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாய்க்குப் பிணத்தைப் பார்ப்பதில் என்ன ஆசை இருக்கும்? ஒன்றும் இல்லை. அது வெளியே பார்க்கும், பூனையைப் பார்க்கும், அழுகிற பெண்களைப் பார்க்கும். முகத்தைப் பார்க்க வைப்பதுதான் தொழில். பிணத்தின் தலைக்கு மூன்று அடி பின்னால் நான் குந்தி உட்காருவேன். கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஆட்டு வால் கொழுப்பு ஒரு துண்டு. நாய் பிணத்தின் கால் பக்கம் நிற்கும். அது என் கால் விரலைப் பார்க்கும், ஊர் என்ன பார்க்கும்? நாய் செத்தவர் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது என்று பார்க்கும். முப்பது வருஷம். ஒரு பூசாரிக்கும் தெரியாது.

ஒரே ஒருத்திக்குத் தெரியும். தீனக். எங்கள் ஊர் மாவு ஆலைக்காரர் வெஹ்தாதின் மகள். அவளுடைய அம்மா செத்தபோது அவளுக்கு ஏழு வயது. பெரியவர்கள் எல்லாரும் நாயைப் பார்க்க, அவள் தரையோடு தரையாக உட்கார்ந்து என் காலைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து, "மாமா, உங்கள் கால் விரலில் என்ன அது?" என்றாள். நான் கண்ணைச் சிமிட்டினேன். அம்மா செத்த அன்று அந்தக் குழந்தை சிரித்தது. பிறகு பதிமூன்று வருஷம் வாய் திறக்கவில்லை. வழியில் பார்த்தால், "மாமா, காலில் எறும்பு ஏறப் போகிறது" என்பாள், அவ்வளவுதான். நல்ல பெண். குரல்தான் பெரிய குரல். ஆலைச் சக்கரம் சுற்றுகிற இடத்தில் வளர்ந்தவள், அடுத்த தெருவில் நிற்கிறவனோடு பேசுவது போலத்தான் பக்கத்தில் நிற்கிறவனோடும் பேசுவாள்.

அந்த வருஷம் மழை இல்லை. இருந்த தானியத்தையும் படைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். மேற்கே எங்கள் மன்னருக்கும் ரோமத்துக் கைசருக்கும் சண்டை. ஜனங்கள் செத்தார்கள், எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் சாவு வீட்டில் நாய்க்கு என்று வைக்கிற மூன்று துண்டு ரொட்டி இருக்கிறதே, அது ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றும் உள்ளங்கை அளவுதான். அதை நானும் நாயும் பாதி பாதி என்று ஆரம்பித்தோம். பிறகு, நான் வயசானவன், நாய்க்கு எலி பிடிக்கத் தெரியும். எனக்கு எலி பிடிக்கத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வேதத்தில் நாயின் சாப்பாட்டில் கை வைப்பது மனிதனின் சாப்பாட்டில் கை வைப்பதைவிடப் பெரிய குற்றம். இருநூறு சவுக்கடி. காவல் நாய்க்கு இத்தனை, ஆட்டு நாய்க்கு இத்தனை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சாவு நாய்க்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

வெஹ்தாத் அந்தக் கோடையில்தான் செத்தார். ஆலை வாய்க்காலில் சேறு அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ஆள் வந்து கூப்பிட்டபோது என் வீட்டில் கொழுப்பு ஒரே ஒரு துண்டு இருந்தது. உப்புப் போட்டுக் காய வைத்தது, சுண்டு விரல் அளவு. அதைக் கையில் எடுத்தேன். இரண்டு நாள் பட்டினி. வாசம் வந்தது. தின்றுவிட்டேன்.

பெரிய குற்றமா இது? இத்தனை வருஷமாகப் பார்த்த நாய், ஒரு நாள் கொழுப்பு இல்லாமலும் பார்க்கும் என்று நினைத்தேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

பார்க்கவில்லை. கால் பக்கம் வந்து நின்றது, என் விரலைப் பார்த்தது, மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் அத்தி மர நிழலில் படுத்துவிட்டது. நான் இழுத்து வந்தேன். திரும்பவும் போயிற்று. மூன்று தடவை. பெண்களின் அழுகை நின்றுவிட்டது. பிணம் தூக்குகிற பர்சோக் என்று ஒரு தடியன், வாய் சும்மா இருக்காதவன், "என்ன கிழவா, நாய்க்குக் கண் போச்சா? இல்லை நீ பட்டினி போட்டுக் கொல்கிறாயா? விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போலிருக்கே" என்றான். ஊர்ப் பூசாரி என் பக்கம் திரும்பினார். வாய்த் துணிக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் முதலில் நாயின் விலாவைப் பார்த்தது, பிறகு என் வயிற்றைப் பார்த்தது.

இருநூறு அடி, மிளகுக்காரரே. எனக்கு அப்போது அறுபத்தெட்டு.

நான் சொன்னேன்: "நாய் மேல் குற்றம் இல்லை, சுவாமி. ஸரீன் சிலுவைக்காரன் முகத்தைப் பார்க்காது."

அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வந்துவிட்டது. வந்த பிறகு விட முடியுமா? "அவர்கள் தலையில் ஒரு தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் வாசம் நாய்க்குத் தெரியும்" என்றேன். வெஹ்தாத் சிலுவைக்காரர்களின் மடத்துக்கு மாவு அரைத்துக் கொடுத்தவர், அது ஊருக்கே தெரியும். அதனால் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். என் பேச்சுக்கு எப்போதும் சிரிக்கிற ஊர் அது.

தீனக் மட்டும் என் காலைப் பார்த்தாள். விரலுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். சொன்னேனே, நல்ல பெண்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். எங்கள் நாட்டில் பிறப்பிலேயே சிலுவைக்காரனாக இருப்பவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள். இரட்டை வரி வாங்குவார்கள், கைசரும் சிலுவைக்காரர்தானே, அவருடைய ஒற்றன் என்று திட்டுவார்கள், அத்தோடு சரி. ஆனால் நெருப்பைக் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவன் அந்தப் பக்கம் போனால் தலை போய்விடும். போனவன் செத்துவிட்டால் வீட்டில் மிச்சம் இருப்பவர்களை விசாரிப்பார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதையா யோசிப்பேன்?

சாராயக் கடையில் எல்லாரும் அதையே கேட்டார்கள். "மிஹ்ரக், நிஜமாகவே உன் நாய்க்குத் தெரியுமா?" ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்துக் கேட்கிறான், தெரியாது என்றா சொல்ல முடியும்? பக்கத்துக் கிராமத்தில் ஏழு பேரை இந்த நாய் கண்டுபிடித்திருக்கிறது என்றேன். ஒரு பாதிரியைப் பார்த்துத் தும்மியது என்றேன். தும்மல் நல்ல இடம், எல்லாரும் ரசித்தார்கள். பத்தாம் நாள் தலைநகரிலிருந்து ஒரு மோபெத் வந்து இறங்கினார். மோபெத் என்றால் பூசாரியும் அவரே, நீதிபதியும் அவரே. எல்லையில் ஒரு கோட்டை விழாமல் படை திரும்பியிருந்த நேரம். யார் கைசருக்காக வேண்டிக்கொண்டது என்று மன்னருக்குத் தெரிந்தாக வேண்டும், ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள். என் தும்மல் கதை அவர் காதுக்குப் போய்விட்டது.

கெட்டவர் இல்லை, சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஆள், பல் வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசுவார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முப்பது வருஷத்தில் ஒரு பூசாரி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தது அன்றுதான்.

"பெரியவரே, நாய் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொல்லாது, சுவாமி" என்றேன். அது உண்மைதானே? நாய் எங்கே பொய் சொல்கிறது?

"மனிதன் சொல்வான். சாட்சி சொல்ல வருகிற ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டு நிலத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறான். எனக்கு அலுத்துவிட்டது. நிலம் வேண்டாத சாட்சி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். எழுத்தர் அதை எழுதினார். பிறகு மோபெத் என் நாயின் விலாவைத் தடவிப் பார்த்து, "மெலிந்திருக்கிறதே" என்றார். பஞ்சம் என்றேன். "சாட்சியைப் பட்டினி போடக் கூடாது" என்று சொல்லி, இனி அரசாங்கச் செலவில் சாப்பாடு என்று உத்தரவு போட்டார். ஆட்டுக்கறி, தயிர். எனக்கும்தான். அந்த மூன்று நாள் நான் சாப்பிட்டது போல அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

நான்காம் நாள் தீனக்கை விசாரித்தார்கள். அப்பா மதம் மாறியது உனக்குத் தெரியுமா? மாறவே இல்லை. நீ மாறினாயா? இல்லை. நெருப்புக்கு விறகு வைத்தாள், இடுப்பில் புனிதக் கயிறு கட்டியிருந்தாள், மந்திரம் முழுக்கச் சொன்னாள். அந்தக் குரலில் அவள் மந்திரம் சொன்னது கோயிலுக்கு வெளியே குதிரைக்குக் கூடக் கேட்டிருக்கும். மோபெத் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "வாய் எதையும் சொல்லும். நாளைக் காலை இவளைப் பிணம் போலக் கல்லில் கிடத்துங்கள். வெள்ளைத் துணி போர்த்துங்கள். நாய் பார்க்கட்டும்" என்றார்.

உயிரோடு இருப்பவளைப் பிணக் கல்லில்! ஊர்ப் பூசாரிக்கே வியர்த்துவிட்டது. ஆனால் யார் எதிர்த்துப் பேசுவது?

அன்று மாலை ஆலைக்குப் போனேன். வாசலில் காவல். நாய்க்காரன் என்று உள்ளே விட்டார்கள். அவள் உட்கார்ந்து கூந்தலிலிருந்து மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நாளைக்கு விரலில் வைத்துக்கொள்வீர்கள்தானே?"

"மெதுவாகப் பேசு, பெண்ணே."

"மெதுவாகத்தான் பேசுகிறேன்."

"வைத்துக்கொள்கிறேன்."

"பெரிய துண்டாக வையுங்கள்" என்று சிரித்தாள். "அரசாங்கக் கறிதானே."

மிளகுக்காரரே, நான் வைத்தேன். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். மற்றதெல்லாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. இரண்டு விரல் கனத்துக்கு, சுடச்சுட, வாசம் தூக்குகிற வால் கொழுப்பு வைத்தேன். வழக்கமான இடத்தில் குந்தி உட்கார்ந்தேன். அவள் கல்லில் படுத்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. பயம் இல்லை அவளுக்கு. உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக் கூட இருந்தது, அதை அடக்கத்தான் கஷ்டப்பட்டாள் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்க நின்றது. ஸரீனைக் கூட்டி வந்தார்கள்.

அது வயிறு தொங்க நடந்து வந்தது. நான்கு நாளாகக் கறியும் தயிரும். என் விரலைப் பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

பசித்த நாயாக இருந்திருந்தால் பாய்ந்து வந்திருக்கும். முந்தின தடவை கொழுப்பு இல்லை, இந்தத் தடவை பசி இல்லை. சாட்சிக்குச் சாப்பாடு போடச் சொன்னது நானா? மோபெத்தின் உத்தரவு. எழுத்தர் எழுதியே வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள். நான் என் பங்கைச் சரியாகச் செய்தேன். விரலை ஆட்டிக்கூடப் பார்த்தேன்.

தீனக் கண்ணைத் திறந்தாள். திறந்து, படுத்தபடியே தலையைப் பின்னால் சாய்த்து என்னைப் பார்த்தாள். தலைகீழாக.

மோபெத் கேட்டார்: "நாய்க்காரர் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

எல்லாரையும் கேட்கிற வழக்கம்தான், சட்டம் அப்படி. என் விரலுக்கு நடுவில் கொழுப்பு உருகி வழிந்தது. காலை மடக்கி அங்கிக்குள் இழுத்துக்கொண்டேன். யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. நான் வாயைத் திறந்தால் நாய் சாப்பாட்டுக்கு இருநூறு அடி. நீதிபதியிடம் பொய் சொன்னதற்கு நாக்கு. அதற்குப் பிறகு உயிர் இருந்தால் அது யாருக்கு என்ன பயன்? இவளோ சின்னப் பெண். இவளை உடனே ஒன்றும் செய்ய மாட்டார்கள். சிறையில் வைப்பார்கள், வந்து பேசுவார்கள், "தப்புப் பண்ணிவிட்டேன், திரும்பி வந்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். ஒரு வார்த்தை! அவளுக்கு வேண்டியது ஒரு வார்த்தை, எனக்குப் போகிறது முதுகும் நாக்கும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"நாய் பொய் சொல்லாது, சுவாமி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? மூன்று மாதம் சிறை. மூன்று தடவை தயிர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வேறு யார் கொடுத்தார்கள்? முதல் தடவை போனபோது, "சொல்லிவிடேன், பெண்ணே" என்று கெஞ்சினேன். "போகாதவள் எப்படி மாமா திரும்பி வருவது?" என்றாள். "நான் திரும்பி வந்தேன் என்றால் அப்பா போனார் என்று ஆகிவிடும். அப்பாவின் எலும்பைப் பாறையிலிருந்து கூட்டித் தள்ளிவிடுவார்கள்." அப்பாவுக்கு இனி எலும்பு எங்கே இருந்தால் என்ன? பிடிவாதம். அவள் அம்மாவும் அப்படித்தான்.

அந்த அறையில் சிலுவைக்காரப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். மடத்தில் இருந்தவர்கள். இரண்டாம் தடவை போனபோது ஒரு கிழவி இவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தங்கள் ரொட்டியை ஐந்தாகப் பிய்த்தார்கள், நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஆட்கள் யாரும் அவளைப் பார்க்க வரவில்லை, தீட்டு என்று. மூன்றாம் தடவை தீனக் சொன்னாள்: "மாமா, நேற்று என் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டேன்."

எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! துள்ளிவிட்டேன். "பார்த்தாயா! பார்த்தாயா! நாய் சொன்னது சரிதானே? மூன்று மாதம் முன்னாலேயே அது கண்டுபிடித்துவிட்டது! எப்பேர்ப்பட்ட நாய்!" அன்று இரவு எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொன்னது பொய்யா? அவள் சிலுவைக்காரி ஆனாளா இல்லையா? ஆனாள். நான் சொன்னபடியே ஆயிற்று. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதானே.

அவள் தயிர்க் கிண்ணத்தை அந்தக் கிழவியிடம் கொடுத்தாள்.

அறுவடை முடிந்த வயலில் வைத்து வெட்டினார்கள். ஊருக்கு வெளியே, அடிக்கட்டை காலில் குத்துகிற இடம். மோபெத் கடைசியாகக் கேட்டார், உன் மதம் எது என்று. அவள் சொன்னாள். இப்போது உண்மையைச் சொல்கிறாள், பாருங்கள், அதைக் கேட்டு மோபெத்தின் முகம் தெளிந்துவிட்டது. தன் தீர்ப்பில் பிழை இல்லை என்று அவருக்கும் ஆறுதல். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருந்தோம் அன்றைக்கு.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நான் இப்போது வெஹ்ரூத்தில் என் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவள் மண்டி போடுவதற்கு முன்னால் கூட்டத்தில் யாரையோ தேடினாள். பர்சோக்குக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன், அவன் அகலமான ஆள். கண்டுபிடித்துவிட்டாள்.

"மிஹ்ரக் மாமா!" என்றாள். அந்தக் குரல். வயல் முழுக்கக் கேட்டது. "நீங்கள் செய்ததை நான் மன்னித்துவிட்டேன்."

நான் செய்ததையாம்! மூன்று தடவை தயிர் கொண்டுபோனவனை! என்ன செய்தேன் என்று சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. கொழுப்புத் துண்டைத் தின்றான், அதை மறைக்கப் பொய் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். நான் இல்லை என்றிருப்பேன். சாகப்போகிறவள் உளறுகிறாள் என்றிருப்பேன். அவள் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டிவிட்டாள். பர்சோக் மெதுவாக ஒரு பக்கம் ஒதுங்கினான். நான் தனியாகத் தெரிந்தேன்.

மோபெத் மறுநாள் ஸரீனைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். நாயை மட்டும். என்னைக் கூப்பிடவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார், குதிரை ஏறிவிட்டார்.

அதோ, படகு கிளம்பிவிட்டது. வரட்டும். கொஞ்சம்தான் பாக்கி.

சாராயக் கடைக்குப் போனேன். இடம் விட்டார்கள். கிண்ணமும் வைத்தார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. பர்சோக் கூட மரியாதையாக, "வாங்க பெரியவரே" என்றான். எப்போதும் கிழவா என்று கூப்பிடுகிறவன்! நான் தோல் வியாபாரி கதையைச் சொன்னேன். தொப்பி பறந்த இடம் வந்தது. ஒருவனும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலை வழியாகப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். எதற்காக உன்னை மன்னித்தாள் என்று ஒருவனாவது கேட்பான், கேட்கத்தான் வேண்டும், மனித சுபாவம்தானே என்று தினமும் போய் உட்கார்ந்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன், மிளகுக்காரரே. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் நல்ல பதில்.

யாரும் கேட்கவில்லை.